பி.எம்.டபிள்யூ இந்தப் பெயரை எப்படிச் சம்பாதித்தது?

“பி.எம்.டபிள்யூ பற்றி ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஓட்டினால் அதைத்தான் ஓட்ட வேண்டும் என்கிறார் ஒருவர். வாரண்டி முடிந்த மறுநாளே விற்றுவிடு என்கிறார் இன்னொருவர். அந்தக் கம்பெனியின் வரலாறு என்ன, இவ்வளவு பெயர் எப்படி வந்தது, இப்போதும் அந்தப் பெயர் செல்லுமா?” இதுதான் கேள்வி.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவை 1960-களில் தொடங்கி ஏறத்தாழ 2005 வரை வந்த நடுத்தர அளவு செடான்கள். விலை உயர்ந்த சொகுசுக் கார்களோ, பந்தயக் கார்களோ அல்ல. நாலு பேர் உட்காரலாம், டிக்கியில் பெட்டி வைக்கலாம், வளைவில் திருப்பினால் ஓட்டுபவருக்குச் சந்தோஷம் வரும். அப்படி ஒரு குடும்பக் காரை அத்தனை கவனத்தோடு வேறு யாரும் செய்யவில்லை. அந்த நடு இடத்தை விட்டு விலகிய ஒவ்வொரு முறையும் கம்பெனி அடி வாங்கியிருக்கிறது. அதன் வரலாற்றை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.

முதலில் அது கார் கம்பெனியே இல்லை, விமான இன்ஜின் கம்பெனி. 1913-இல் மியூனிக்கில் கார்ல் ராப் தொடங்கிய இன்ஜின் தொழிற்சாலை 1917-இல் பி.எம்.டபிள்யூ என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1916 மார்ச் 7-இல் பதிவான பக்கத்து விமானக் கம்பெனி ஒன்றுக்கு 1922-இல் அந்தப் பெயரும் இன்ஜின் தொழிலும் கைமாறின. அதனால்தான் 1916-ஐப் பிறந்த ஆண்டாகக் கணக்கிடுகிறார்கள். இந்தக் காகிதக் கதையைவிட முக்கியமானவர் மாக்ஸ் ஃபிரிட்ஸ் என்ற இன்ஜினியர். மேலே போகப் போகக் காற்று மெலிந்து விமான இன்ஜின் மூச்சு வாங்கும். ஃபிரிட்ஸ் உருவாக்கிய ஆறு சிலிண்டர் இன்ஜினில் கம்ப்ரஷனை உயர்த்தி, கார்புரேட்டரையும் உயரத்துக்கு ஏற்றபடி அமைத்தார். தரையில் அதை முழுவதும் திறக்கவே கூடாது. உயரத்துக்குப் போன பிறகுதான் முழு பலமும் வரும். 1919 ஜூனில் ஃபிரான்ஸ் செனோ டீமர் பி.எம்.டபிள்யூ இன்ஜின் பூட்டிய விமானத்தை 9,760 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனார். அதே மாதம் கையெழுத்தான வெர்சாய் ஒப்பந்தத்தால் ஜெர்மனியில் விமான இன்ஜின் தயாரிப்பு நின்றுபோனது. கம்பெனி ரயில் பெட்டிகளுக்கு பிரேக் செய்து பிழைத்தது.

லோகோ பற்றிப் பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. சுழலும் ப்ரொப்பெல்லர்தான் அந்த நீல வெள்ளை வட்டம் என்பார்கள். 1929-இல் வந்த ஒரு விளம்பரத்திலிருந்து கிளம்பிய கதை அது. உண்மையில் அவை பவேரியா மாநிலத்தின் நிறங்கள். மாநிலச் சின்னத்தை வணிக முத்திரையில் போட அப்போது அனுமதி இல்லாததால் நிறங்களின் வரிசையை மாற்றிப் போட்டார்கள்.

1923-இல் அதே ஃபிரிட்ஸ் ஆர் 32 என்ற மோட்டார் சைக்கிளை வடிவமைத்தார். 494 சிசி, 8.5 குதிரைத்திறன். இரண்டு சிலிண்டர்களும் இரு பக்கமும் கை நீட்டியபடி காற்றில் நிற்கும், அதனால் சூடு சீக்கிரம் தணியும். செயினுக்குப் பதில் ஷாஃப்ட். இந்த அமைப்பை அவர்கள் இன்றுவரை கைவிடவில்லை. கார் வந்தது 1928-இல்தான். ஐசனாக் ஊரில் இருந்த தொழிற்சாலையை வாங்கினார்கள். அங்கே இங்கிலாந்தின் ஆஸ்டின் 7 காரை உரிமம் பெற்று டிக்ஸி என்ற பெயரில் செய்துகொண்டிருந்தார்கள். ஆக, முதல் பி.எம்.டபிள்யூ கார் ஆங்கிலேய வடிவமைப்பு. சிறுநீரக வடிவ கிரில் 1933-இல் 303 மாடலில் வந்தது, ஆறு சிலிண்டரும் அதில்தான். 1936-இல் வந்த 328 அளவில் சிறியது, எடை குறைந்தது, 80 குதிரைத்திறன். மொத்தம் 464 மட்டுமே செய்தார்கள். 1940-இல் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தை ஜெயித்தது அதன் பந்தய வடிவம்தான்.

அதே ஆண்டுகளின் இன்னொரு பக்கத்தை ஒற்றை வரியில் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. நாஜி அரசின் ஆயுதப் பெருக்கத்தில் கம்பெனி மறுபடி விமான இன்ஜினுக்குப் போய்க் கொழுத்தது. ஃபோக்க வுல்ஃப் 190 போர் விமானத்தை இயக்கியது பி.எம்.டபிள்யூ 801 இன்ஜின். அதைச் செய்த மியூனிக் அல்லாக் தொழிற்சாலைக்கு ஆள் சேர்க்க, தாஹாவ் வதைமுகாமின் கிளை முகாம் ஒன்று 1943-இல் பக்கத்திலேயே அமைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான கைதிகளும், நாடு நாடாகப் பிடித்து வரப்பட்டவர்களும் அங்கே அடிமைகளாக உழைத்தார்கள். பின்னால் கம்பெனியைக் காப்பாற்றிய குவாண்ட் குடும்பத்தின் பேட்டரித் தொழிற்சாலைகளிலும் இதே கொடுமை நடந்தது. 2007-இல் ஜெர்மன் தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் வந்து கேள்விகள் எழுந்த பிறகுதான் அந்தக் குடும்பம் யோவாகிம் ஷோல்டிசெக் என்ற வரலாற்றாசிரியரிடம் ஆவணங்களைத் திறந்துவிட்டது. அவரது ஆய்வு 2011-இல் வெளிவந்தது. குவாண்ட் குடும்பம் நாஜி ஆட்சியோடு பிரிக்க முடியாதபடி பின்னிப் பிணைந்திருந்ததை அது நிறுவியது. இந்தக் கம்பெனியின் பெருமையைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

போர் முடிந்தபோது கார் செய்த ஐசனாக் சோவியத் பக்கம் போய்விட்டது. மியூனிக் தொழிற்சாலை இயந்திரங்கள் கழற்றிக்கொண்டு போகப்பட்டன. பானை, வாணலி செய்து காலம் தள்ளி, 1948-இல் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பினார்கள். அடுத்து எடுத்த முடிவு பெரிய தவறு. ஊரே இடிந்து கிடந்த காலத்தில் 501 என்று ஒரு கனத்த சொகுசுக் காரை 1951-இல் காட்டினார்கள். பிறகு அதிலேயே வி8 இன்ஜின். பிறகு 507 என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். பார்க்க அவ்வளவு அழகு, எல்விஸ் பிரெஸ்லியே ஒன்று வைத்திருந்தார். ஆனால் விற்றது சுமார் 250 கார்கள்தான், ஒவ்வொன்றிலும் நஷ்டம். அந்த ஓட்டையை அடைக்க, முன்பக்கமே கதவாகத் திறக்கும் இசெட்டா என்ற குட்டி வண்டியை இத்தாலியிடம் உரிமம் வாங்கி, மோட்டார் சைக்கிள் இன்ஜின் பூட்டி 1955 முதல் விற்றார்கள். 1,60,000-க்கு மேல் போனது, ஆனால் ஒரு வண்டிக்கு மிஞ்சிய லாபம் சொற்பம். மேலே ராஜா வீட்டுக் கார், கீழே குட்டி வண்டி. சம்பளம் உயர்ந்துகொண்டிருந்த நடுத்தர ஜெர்மன் குடும்பம் ஷோரூமுக்கு வந்தால் காட்ட நடுவில் ஒரு கார் இல்லை.

இப்படித்தான் 1959 டிசம்பர் 9 வந்தது. மியூனிக்கில் பங்குதாரர் கூட்டம். மேடையில் வைத்த திட்டம்: பங்கு மூலதனத்தைப் பாதியாக வெட்டி, புதிய பங்குகளை டைம்லர் பென்ஸ் வாங்கிக்கொள்ளும். அதாவது பென்ஸுக்கு பாகம் செய்து கொடுக்கும் பட்டறையாக பி.எம்.டபிள்யூ மாறும். மேற்பார்வைக் குழுத் தலைவர் டாய்ச்ச வங்கிக்காரர். அதே வங்கி பென்ஸிலும் பெரிய பங்குதாரர். சலுகைக்கு அன்று நள்ளிரவு வரைதான் கெடு. சிறு பங்குதாரர்களும் டீலர்களும் கொதித்தார்கள். அவர்கள் சார்பில் வந்த ஃபிராங்க்ஃபர்ட் வக்கீல் ஃபிரிட்ரிஷ் மாதெர்ன் மணிக்கணக்கில் பேசி, கடைசியில் வரவுசெலவுக் கணக்கில் ஒரு கோளாறைக் கையில் எடுத்தார். பல ஆண்டுகளுக்கு விற்கப்போகும் புதிய 700 மாடலின் உருவாக்கச் செலவு முழுவதையும் அந்த ஒரே ஆண்டின் நஷ்டத்தில் எழுதியிருந்தார்கள். கணக்கில் பிழை இருந்தால் கூட்டத்தைத் தள்ளிவைக்கப் பத்து சதவீத ஓட்டு போதும். அந்த ஓட்டு கிடைத்தது. கூட்டம் தள்ளிப்போனது, கெடு தாண்டியது, பென்ஸின் திட்டம் செத்தது.

அந்தக் கூட்டத்தின் உறுதியைப் பார்த்த ஹெர்பர்ட் குவாண்ட், பார்வை மிகவும் மங்கியவர், தன் பங்கை மேலும் கூட்டி கம்பெனியைத் தனியாக நிமிர்த்துவது என்று முடிவெடுத்தார். இன்றும் ஏறத்தாழ பாதிப் பங்கு அவரது பிள்ளைகள் ஸ்டெஃபான் குவாண்ட், சுசான்னெ கிளாட்டென் இருவரிடமும் இருக்கிறது. நீண்ட நாள் நிற்கும் ஒரு முதலாளி இருந்ததால்தான் இன்ஜினியர்களுக்கு அங்கே அவகாசம் கிடைத்தது. நாஜி காலத்தில் அந்தக் குடும்பம் செய்ததை இந்த நன்மை அழித்துவிடாது.

அந்த அவகாசத்தில் பிறந்ததுதான் ‘நோய கிளாஸெ’ (புதிய வகுப்பு) என்ற நடுத்தர செடான் வரிசை. 1961-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 1500 மாடலைக் காட்டி, 1962-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இன்ஜினை உருவாக்கியவர் அலெக்ஸ் ஃபொன் ஃபால்கன்ஹவுசன், முன்னாள் பந்தய வீரர். நிர்வாகம் சிறிய இன்ஜின் போதும் என்றபோது, பின்னால் இரண்டு லிட்டர் வரை வளரும்படி இடம் விட்டுத்தான் செய்வேன் என்று பிடிவாதமாக நின்றார். அந்த இன்ஜினின் பிளாக், அதாவது சிலிண்டர்கள் அமைந்த உடல், அசாதாரண ஆயுள் கொண்டது. 1983-இல் நெல்சன் பிகே ஃபார்முலா 1 சாம்பியன் ஆனபோது, அவரது பிராபம் காரில் இருந்த 1.5 லிட்டர் டர்போ இன்ஜினுக்கு அடிப்படை இந்தக் குடும்பக் காரின் வார்ப்பிரும்பு பிளாக்தான். டர்போ இன்ஜினோடு ஓர் ஓட்டுநர் வென்ற முதல் உலகச் சாம்பியன் பட்டம் அது.

அடுத்த படி 2002 என்ற மாடல். இது எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம். 1966-இல் இரண்டு கதவு வைத்த சிறிய 1600 வந்தது. ஃபால்கன்ஹவுசன் தன் சொந்த 1600-இல் இரண்டு லிட்டர் இன்ஜினைப் பூட்டிக்கொண்டார். மாடல் திட்டமிடும் பிரிவின் ஹெல்முட் வெர்னர் பொன்ஷும் அதையே தன் காருக்குச் செய்துகொண்டார். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. இரண்டு கார்களும் ஒரே நேரத்தில் பட்டறைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. அதே சமயம் அமெரிக்க இறக்குமதியாளர் மாக்ஸ் ஹாஃப்மன் வேகமான கார் வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். ஐரோப்பாவில் விற்ற இரட்டை கார்புரேட்டர் மாடல் அமெரிக்கப் புகை விதிகளுக்குப் பொருந்தவில்லை. பெரிய இன்ஜின் பொருந்தியது. 1968-இல் 2002 விற்பனைக்கு வந்தது: 100 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்குள். அமெரிக்காவில் பி.எம்.டபிள்யூ என்ற பெயர் ஊன்றியது இந்தக் காரால். 1975-இல் வந்த 3 சீரிஸ் அதன் நேர் வாரிசு.

சரி, அந்த ‘ஓட்டும் சுகம்’ என்பது என்ன? இன்ஜினை நீளவாக்கில் வைத்து, முன்சக்கரங்களை முன்னே தள்ளி, எடையை முன்னும் பின்னும் ஏறத்தாழ சமமாகப் பிரித்தார்கள். பின்சக்கரம் தள்ளும்; முன்சக்கரத்துக்குத் திருப்பும் வேலை மட்டும்தான். அதனால் ஸ்டீயரிங்கில் சாலையின் ஒவ்வொரு மாற்றமும் கைக்குத் தெரியும்.

இன்ஜினுக்கு வருவோம். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும்போது முதலாவதும் ஆறாவதும் ஒரு ஜோடி, இரண்டாவதும் ஐந்தாவதும் ஒரு ஜோடி, மூன்றாவதும் நான்காவதும் ஒரு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். ஜோடிகளுக்கிடையே கிராங்க் ஷாஃப்டில் 120 டிகிரி இடைவெளி. ஒரு ஜோடி தரும் விசையை மற்ற இரண்டும் சேர்ந்து சரிக்கட்டிவிடும். முன்பாதியும் பின்பாதியும் ஒன்றையொன்று பிரதிபலிப்பதால் நுனிகளில் தூக்கிப் போடும் ஆட்டமும் இல்லை. நான்கு சிலிண்டரில் இது நடக்காது. ஒரு சுற்றுக்கு இருமுறை ஓர் அதிர்வு மிஞ்சும், அதை அடக்க பேலன்ஸ் ஷாஃப்ட் வைக்க வேண்டும். வரிசை ஆறில் அப்படி எதுவும் தேவையில்லை. ரேஸ் கொடுக்கக் கொடுக்க வழுக்கிக்கொண்டு ஏறும் அந்தச் சத்தத்தை 2000-களின் தொடக்கத்து 330-யிலோ 530-யிலோ ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். இந்த இன்ஜின் நீளமானது, இடத்தை அடைக்கும். அதனால்தான் 1990-களில் பென்ஸ் அதைக் கைவிட்டு வி6-க்குப் போனது. பி.எம்.டபிள்யூ விடவில்லை. இருபது ஆண்டு கழித்து பென்ஸே வரிசை ஆறுக்குத் திரும்பியது. டொயோட்டா 2019-இல் சூப்ரா காரை மறுபடி கொண்டுவந்தபோது அதில் வைத்தது பி.எம்.டபிள்யூவின் பி58 இன்ஜின்.

1970 முதல் 1993 வரை தலைமையில் இருந்த எபர்ஹார்ட் ஃபொன் குவென்ஹைம் காலத்தில் 3, 5, 7 என்ற வரிசையும், 1972-இல் பந்தயக் கார்களுக்கான எம் பிரிவும் அமைந்தன. கம்பெனிக்குப் பொற்காலம் அது. அவர் போன அடுத்த ஆண்டே சறுக்கல். 1994-இல் 80 கோடி பவுண்டு கொடுத்து இங்கிலாந்தின் ரோவரை வாங்கினார்கள். பழைய தொழிற்சாலைகள், பவுண்டின் மதிப்பு ஏற்றம், இரு நாட்டு நிர்வாகிகளுக்குள் பிணக்கு என்று பணம் கரைந்தது. 1999-இல் தலைவர் பெர்ன்ட் பிஷெட்ஸ்ரீடர் பதவி போனது. 2000-இல் ரோவர் கார்களைப் பெயருக்குப் பத்து பவுண்டுக்குத் தள்ளிவிட்டு, லேண்ட் ரோவரை ஃபோர்டுக்கு விற்று, மினியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மினி பிழைத்தது, நன்றாகவே ஓடியது. ரோல்ஸ் ராய்ஸ் கார் பெயரும் 2003 முதல் இவர்களிடம்தான்.

இனி ‘வாரண்டி முடிந்தால் விற்றுவிடு’ என்பவரின் பக்கம். அவர் சொல்வதற்குக் கணிசமான ஆதாரம் இருக்கிறது. 1990-களின் மாடல்களிலேயே கூலன்ட் தொட்டி, வாட்டர் பம்ப் இதையெல்லாம் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். சூட்டில் வெந்து வெந்து விரிசல் விடும். வால்வ் கவர் கேஸ்கட் வழியாக ஆயில் கசியும். மிக மோசமானது 2007-இல் வந்த என்47 டீசல் இன்ஜின். வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் செயினை அதில் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமாக வைத்தார்கள். செயின் தேய்ந்து தளர்ந்தது. அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி இன்ஜினே போய்விடும். அறுவதற்கு முன் மாற்றலாம் என்றாலும், செயின் இருக்கும் இடத்துக்குக் கை போக இன்ஜினையே இறக்க வேண்டும். இன்ஜினுக்காகப் பெயர் வாங்கிய கம்பெனி இப்படி ஒன்றை வெளியே விட்டதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. 2018-இல் தென்கொரியாவில் டீசல் கார்கள் தீப்பிடித்ததும், புகையைக் குளிர்விக்கும் பாகத்தில் கசிவு என்று பெரிய அளவில் திரும்பப் பெற்றதும் இன்னொரு கறை. 2021-இல் ஐரோப்பிய ஆணையம் 37.3 கோடி யூரோ அபராதம் போட்டது. டீசல் புகையைச் சட்டம் கேட்பதைவிட நன்றாகச் சுத்தம் செய்ய முடியும் என்று தெரிந்தும், அதில் போட்டி வேண்டாம் என்று மற்ற ஜெர்மன் கம்பெனிகளோடு கூடிப் பேசிக்கொண்டதற்காக.

ஓட்டும் சுகமும் குறைந்தது. 2011-இல் அறிமுகமான எஃப்30 தலைமுறை 3 சீரிஸில் ஸ்டீயரிங் மின்மோட்டாருக்கு மாறியது. பழைய உணர்வு கையில் இல்லை என்று பல ஓட்டுநர்கள் எழுதினார்கள். எடை கூடிக்கொண்டே போனது. விற்பனையைத் தாங்குவது இப்போது எக்ஸ் வரிசை எஸ்யூவிகள். அவை நல்ல வண்டிகள்தான், ஆனால் 2002-ஐச் செய்தவர்களின் கையெழுத்து அவற்றில் தேடித்தான் கிடைக்கும். இன்ஜின் தரம் மட்டும் மீண்டது: என்47-க்கு அடுத்து வந்த பி47 டீசலும், முன்பு சொன்ன பி58-உம் திடமானவை. மின்சாரக் காரில் ஆறு சிலிண்டரின் இடத்தை எது நிரப்பும் என்பதுதான் அவர்கள் முன் நிற்கும் கேள்வி. மியூனிக் ஆலையில் பெட்ரோல், டீசல் இன்ஜின் தயாரிப்பு 2023-இல் நின்றுவிட்டது. 2025-இல் காட்டிய புதிய மின்சார ஐஎக்ஸ்3 முதல் தொடங்கும் வரிசைக்கு ‘நோய கிளாஸெ’ என்ற அதே பெயரை வைத்திருக்கிறார்கள். 1962-இல் செய்ததை மறுபடி செய்ய வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

நம் பக்கத்துத் தொடர்பும் சின்னதில்லை. 2007 முதல் செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ ஆலை இருக்கிறது. இந்தியாவில் விற்கும் மாடல்களில் பெரும்பாலானவை அங்கே பூட்டப்படுபவை. 2013-இல் டிவிஎஸ்ஸோடு ஒப்பந்தம் போட்டு, ஜி 310 ஆர் பைக்கை ஓசூரில் தயாரித்து உலகம் முழுவதும் அனுப்பினார்கள். அதன் 313 சிசி இன்ஜினில் சிலிண்டர் பின்னால் சாய்ந்திருக்கும். காற்று முன்பக்கம் நுழையும், புகை பின்பக்கம் போகும். வழக்கத்துக்கு நேர்மாறு. அதே இன்ஜின்தான் அப்பாச்சி ஆர்ஆர் 310-இலும்.

பழைய பி.எம்.டபிள்யூ வாங்கும் யோசனை இருந்தால், 320டி, 520டி இரண்டிலும் இன்ஜின் என்47-ஆ பி47-ஆ என்று முதலில் கேளுங்கள். என்47 என்றால் செயின் மாற்றிய பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் விலையில் அதற்கான தொகையைக் கழித்துப் பேசுங்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பின்பக்கத்திலிருந்து செயின் உரசும் கரகரப்பு வருகிறதா என்று ஒரு நல்ல மெக்கானிக்கைக் கேட்கச் சொல்லுங்கள். ஸ்பேர் டயர் இல்லாமல், காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃப்ளாட் டயரோடு வந்த வண்டி என்றால், குழியில் இறங்கி டயரின் பக்கவாட்டில் புடைப்பு வந்திருக்கிறதா என்று நாலையும் பாருங்கள். ஆட்டோ கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று கம்பெனி சொல்லும். கியர்பாக்ஸைச் செய்யும் இசட்எஃப், எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. அந்த விஷயத்தில் இசட்எஃப் பேச்சைக் கேளுங்கள்.